கொடியிலிருந்து இருட்டறைக்கு

1853-ல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்மித், ஸ்பிரிங் வைத்த துணிக் கிளிப்புக்குக் காப்புரிமை வாங்கினார். 1887-ல் சோலன் மூர் அதைச் செம்மைப்படுத்தினார்: இரண்டு மரத்துண்டு, நடுவில் சுருட்டிய ஒற்றைக் கம்பி. இன்றும் மொட்டைமாடிக் கொடியில் மரக்கிளிப்பைப் பார்த்தால், அது ஏறக்குறைய மூரின் கிளிப்தான். அவர்கள் காய வைக்க நினைத்தது சட்டையையும் போர்வையையும். மூரின் கிளிப் வந்த மறுவருடமே ஜார்ஜ் ஈஸ்ட்மனின் கோடக் கேமரா கடைக்கு வந்தது.

ஆனால் கிளிப்புக்குப் போட்டோ உலகில் உடனே வேலை கிடைத்துவிடவில்லை. முதல் கோடக்கில் நூறு படம் எடுத்து முடித்ததும் கேமராவையே ரோச்செஸ்டருக்கு அனுப்பிவிடலாம். கழுவிக் காய வைப்பது கம்பெனி பாடு. தாமே கழுவியவர்கள் வைத்திருந்ததோ கண்ணாடித் தகடு. பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில் செருகினால் அது தானே காய்ந்துவிடும். 1889-ல் செல்லுலாய்டு பிலிம் வந்ததும்தான் தொல்லை ஆரம்பம். கண்ணாடி விறைப்பாக நிற்கும், பிலிம் சுருண்டுகொள்ளும்.

காரணம் ஜெலட்டின். பிலிமின் ஒரு பக்கம் பூசிய அந்தப் படலம் தண்ணீரில் ஊறி உப்புகிறது; காயும்போது சுருங்கிப் பிலிமைத் தன் பக்கம் இழுக்கிறது. 1903-ல் கோடக் மறுபக்கமும் ஜெலட்டின் பூசி, சுருளாத பிலிம் என்றே விற்றது. சுருளல் குறைந்தது, ஒழியவில்லை. சினிமாக்காரர்களுக்கு நூற்றுக்கணக்கான அடி என்பதால், பெரிய மர உருளையில் சுற்றிச் சுழலவிட்டுக் காய வைத்தார்கள். ஒன்றிரண்டு ரோல் கழுவுகிறவருக்கு உருளை எதற்கு? மேலே ஒரு கிளிப், கீழே கனமாக ஒன்று. வீட்டிலேயே கிடந்த துணிக் கிளிப் இப்படித்தான் இருட்டறைக்குள் வந்தது.

வந்த இடத்தில் அதன் குறையெல்லாம் தெரிந்தது. மரம், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலைக் குடித்து வைத்துக்கொண்டு அடுத்த ரோலில் சொட்டும். இரும்புக் கம்பி துருப்பிடித்து, துகள் ஈரப்படலத்தில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தபின் சுரண்டினால் படமும் சேர்ந்து போகும். பிளாஸ்டிக் கிளிப் துருப்பிடிக்காது. ஆனால் அதன் வழவழப்பான வாயில் ஈரப் பிலிம் நழுவும், அதிலும் கடைசி அலசலில், நீர் திட்டாகத் தங்காமல் வழியச் செய்யும் போட்டோஃப்ளோ கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். சட்டை கீழே விழுந்தால் மறுபடி அலசலாம். ஊறிய ஜெலட்டின் படலத்தில் தரை மண் பதிந்தால் அந்த நெகட்டிவ் அவ்வளவுதான்.

35 மி.மீ. பிலிமில் 36 படச் சுருள் ஏறக்குறைய 1.6 மீட்டர் நீளம், ஆள் உயரத்துக்குத் தொங்கும். ஜன்னல் காற்றில் ஆடிப் பக்கத்து ரோலோடு ஒட்டினால் இரண்டும் பாழ். ஆகவே இருட்டறைக்கென்றே செய்த எவர்சில்வர் கிளிப்புகள் வந்தன. அவற்றின் வாயில் பல் இருக்கும். படம் இல்லாத முனையில் அது குத்திப் பிடித்தால் பிலிம் நழுவவே நழுவாது. கீழ்க் கிளிப்பில் ஈயக்கட்டி.

எக்ஸ்ரே அறையில் அதே யோசனை சட்டமாக விரிந்தது: நான்கு மூலையிலும் கிளிப் வைத்த எவர்சில்வர் சட்டம். பிலிமை அதில் மாட்டிவிட்டால் டெவலப்பர், ஹைப்போ, தண்ணீர், காயும் அலமாரி எல்லாவற்றுக்கும் சட்டத்தோடேயே போய்வரும். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967-ல் உற்பத்தி தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் விற்ற சரக்கில் எக்ஸ்ரே பிலிமும் உண்டு. டிஜிட்டல் வந்தபின் அந்த ஆலையும் மூடியாயிற்று, இருட்டறைச் சாமான்களும் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

இப்போது மறுபடி பிலிம் கழுவ ஆரம்பித்திருக்கும் இளைஞர்கள் பலர் பைண்டர் கிளிப் மாட்டுகிறார்கள். அதுவும் வெளியாள்தான், வாஷிங்டன்காரர் லூயிஸ் பால்ட்ஸ்லி காகிதக் கட்டுகளைப் பிடிக்கச் செய்து 1915-ல் காப்புரிமை பெற்றது. பிடி பலம், விலை மலிவு, பல் கிடையாது. மேலே மாட்டினால் ஒரு சங்கடம்: தட்டையான வாய்க்குள் தங்கிய நீர், மற்ற இடமெல்லாம் காய்ந்தபிறகு சாவகாசமாக இறங்கி, படங்களின் மேல் கோடு போட்டுவிடும். கீழே மாட்டினால் அந்தக் கவலை இல்லை, இன்னொன்றைக் கோத்துக் கனமும் சேர்க்கலாம். மேலுக்கு மட்டும் பல் வைத்த எவர்சில்வர் கிளிப்பாக வாங்குங்கள். ரோலுக்கு ஒன்று போதும்.