எக்ஸ்29: ஒரு சரக்குப் பெட்டியின் வரலாறும் அதன் சிமுலேட்டர் மறுவாக்கமும்

பழைய சரக்குப் பெட்டி ஒன்றை ரயில் சிமுலேட்டருக்காக மறுவாக்கம் செய்பவர், எந்த ஆண்டின் பெட்டியைச் செய்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்ரோடு நிறுவனத்தின் எக்ஸ்29 இதற்குத் தக்க சான்று. 1924 முதல் 1934 வரை ஏறத்தாழ 30,000 பெட்டிகள் இவ்வகையில் கட்டப்பட்டன. ஓடிய காலமெல்லாம் அவை மாறிக்கொண்டே வந்தன. அம்மாற்றங்களில் முக்கியமானவை தரைக்கு அடியில் நிகழ்ந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் உலகப் போரின்போது கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களில் சரக்கு வண்டிகள் தேங்கிப்போகவே, 1917 டிசம்பரில் அமெரிக்க அரசு ரயில் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்தது. 1920 மார்ச் வரை நீடித்த அந்த ஏற்பாட்டின் கீழ், பொதுவடிவச் சரக்குப் பெட்டிகள் சுமார் 1 லட்சம் வாங்கப்பட்டன. அவற்றுள் மூடிய பெட்டிகளுக்குப் பலகைச் சுவர்தான். பலகை காய்ந்தால் இடுக்கு விடும். மழை உள்ளே இறங்கினால் மாவும் தானியமும் பாழ். 1923இல் அமெரிக்க ரயில்வே சங்கம் எஃகுச் சுவர்ப் பெட்டி ஒன்றின் வடிவத்தை முன்வைத்தது. அது முறைப்படியான தரமாக ஏற்கப்படவில்லை. ஆயினும் அதைத் தழுவியே பென்சில்வேனியா எக்ஸ்29ஐயும், பால்டிமோர் அண்ட் ஒஹையோ நிறுவனம் எம்-26ஐயும் கட்டின. எக்ஸ்29இன் உள்நீளம் 40 அடி 6 அங்குலம். உள்ளுயரம் 8 அடி 7 அங்குலம். ஏற்றுதிறன் 1 லட்சம் பவுண்டு.

எஃகுக்கும் ஒரு குறை இருந்தது. சரக்கு உராயாதிருக்க உட்புறம் பலகை அடித்திருந்தார்கள். தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே இறங்கிய ஈரம் அடிவிளிம்பில் தேங்கி, சுவரை அங்கிருந்தே அரித்தது. அரித்த இடத்தில் விளிம்பு நெடுகப் புதுத் தகட்டுப் பட்டையை வைத்து ரிவெட் அடித்தன பணிமனைகள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய படங்களில் கதவுக்கு இருபுறமும் இந்த ஒட்டுப் பட்டையைக் காணலாம். சிமுலேட்டர் மாதிரியில் இதை வண்ணப் படமாகப் பூசிவிடுவது போதாது. தடிப்புள்ள வடிவமாகவே அமைக்க வேண்டும். சாய்ந்த வெயிலில் அது வீசும் மெல்லிய நிழல்கோடு பெட்டியின் வயதைக் காட்டிவிடும்.

தொடக்கக்காலப் பெட்டிகளுக்கு அடியில் இருந்தது கே வகைக் காற்று பிரேக்: ஒரு சிலிண்டர், ஒரு துணைக் காற்றுத்தொட்டி, ஒரு டிரிப்பிள் வால்வு. ஓட்டுநர் வழக்கமான பிரேக்கிலேயே காற்றைச் செலவழித்துவிட்டால், ஆபத்து வேளையில் கூடுதல் விசை கிடைக்காது. 1933 செப்டம்பரிலிருந்து புதுப் பெட்டிகளுக்குக் கட்டாயமான ஏபி பிரேக்கில், அவசரக் காற்றுக்கெனத் தனி அறை வந்தது. பழைய பெட்டிகளும் படிப்படியாக மாற்றப்பட்டன. கே வகைப் பெட்டிகள் பிற நிறுவனங்களின் தடங்களுக்குச் செல்ல 1953இல் தடை வந்தது.

2001இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டரும், அதன் கோப்புகளைப் படிக்கும் கட்டற்ற மென்பொருளான ஓப்பன் ரெயில்ஸும் பெட்டியின் இயல்புகளை ஓர் எழுத்துக் கோப்பில் வைத்திருக்கின்றன. அதில் பிரேக் உறுப்புகளின் பட்டியலில் அவசரக் காற்றுத்தொட்டியைச் சேர்த்தால் பெட்டி ஏபி காலத்துக்கு வந்துவிடும். நீக்கினால் கே காலத்துக்குத் திரும்பும். ஒரே சொல்லில் இவ்வளவு வரலாறு அடங்குவது வியப்புக்குரியது. ஓட்ட எதிர்ப்புக்கு, டபிள்யூ. ஜே. டேவிஸ் 1926இல் வெளியிட்ட சமன்பாட்டின் கெழுக்களை ஓப்பன் ரெயில்ஸில் தரலாம். எக்ஸ்29 கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்துக் கணக்கு அது! பேரிங் வகையையும் குறிக்க வேண்டும். இப்பெட்டிகளின் ஆக்ஸில் பாக்ஸுக்குள், எண்ணெயில் ஊறிய நூல்கழிவைத் திணித்து அச்சை வழுக்கவைத்தார்கள். குளிரில் எண்ணெய் இறுகிவிட்டால், நின்ற வண்டியைக் கிளப்புவது எஞ்சினுக்குப் பெரும்பாடு. கோப்பில் உருளை பேரிங் என்று எழுதிவிட்டால் அந்தப் பாடு முழுவதும் காணாமல் போகும்.

சுவரெழுத்தும் இவற்றோடு ஒத்துப்போக வேண்டும். பெட்டியை எடைபோடும்போதெல்லாம் வெற்றெடையையும், எடைபோட்ட இடத்தின் குறியையும், மாதத்தையும் ஆண்டையும் ஸ்டென்சில் வைத்துப் பூசினார்கள். 1954இல் நிறுவனத்தின் கீஸ்டோன் சின்னம் நிழலோடு கூடிய வடிவுக்கு மாறியது. அந்தச் சின்னத்தைச் சுமந்து, அடியில் கே பிரேக்குடன் வரும் மாதிரி, பிற நிறுவனத் தடத்தில் ஓடும் வண்டிக்குப் பொருந்தாது. 1926, 1941, 1956 என மூன்று ஆண்டுகளுக்கு மூன்று தனிக் கோப்புகளாக எக்ஸ்29ஐ வெளியிடுவதே முறை. ஒவ்வொன்றிலும் ஸ்டென்சில் தேதி, பிரேக், ஒட்டுப் பட்டை மூன்றும் ஒரே ஆண்டைக் காட்ட வேண்டும்.