ரியல் மென் ஆர் சேஃப்

போதைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சை பெறும் ஆண்களுக்காக அமெரிக்காவில் உருவான எச்.ஐ.வி தடுப்புப் பயிற்சி. சுருக்கப் பெயர் ‘ரெமாஸ்’. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கால்சின் தலைமையிலான குழு இதனை ஆய்வு செய்தது.

தொற்றுள்ள ஊசியைப் பகிர்வது மட்டுமே ஆபத்தன்று. போதையில் நிகழும் பாதுகாப்பற்ற உடலுறவும் கிருமியைப் பரப்பும். இதை மனத்தில் கொண்டு ஐந்து அமர்வுகள் வகுக்கப்பட்டன. ஆணுறையைச் சரியாகப் பயன்படுத்துவது, துணையுடன் பாதுகாப்பு பற்றிப் பேசுவது, போதைக்கும் பாலுறவுக்கும் உள்ள தொடர்பை உணர்வது ஆகியவை குழுவாக அமர்ந்து பயிலப்பட்டன.

ஓபியாய்டு போதைக்கு மாற்று மருந்தான மெத்தடோன் தரும் சிகிச்சை மையங்களிலும் புறநோயாளர் ஆலோசனை மையங்களிலும் 590 ஆண்களிடம் இது சோதிக்கப்பட்டது. முடிவு 2009இல் வெளியானது. ஒரே அமர்வில் எச்.ஐ.வி பாடம் கேட்டவர்களைவிட, ரெமாஸ் பயிற்சியில் சேர்ந்தவர்களிடம் பாதுகாப்பற்ற உடலுறவு குறைந்திருந்தது.

ஆனால் எல்லா ஆண்களும் ஒரே சூழலில் வளர்ந்தவர்கள் அல்லர். அமெரிக்க மக்கள்தொகையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கினரான கறுப்பினத்தவரே, புதிதாக எச்.ஐ.வி கண்டறியப்படுவோரில் சுமார் 40 விழுக்காட்டினர். எனவே வெவ்வேறு இன ஆண்களின் பண்பாட்டுக்கு ஏற்பப் பயிற்சி திருத்தப்பட்டது. வல்லுநர்களின் கருத்தைச் சுற்றுச் சுற்றாகத் திரட்டி ஒத்த முடிவுக்கு வரும் டெல்ஃபி முறை இதற்குக் கைகொடுத்தது.

திருத்திய வடிவம் பல்லின ஆண்களிடையே சிறு முன்னோடி ஆய்வில் சோதிக்கப்பட்டு, நம்பிக்கையூட்டும் முடிவுகள் 2013இல் வெளியாயின.