பிள்ளை பிடிக்கிறவனைத் தேடிய விஞ்ஞானம்

"வெளியே போகாதே, பிள்ளை பிடிக்கிறவன் வருவான்!" இப்படிப் பயமுறுத்தி வளர்க்கப்படாத குழந்தை நம்மூரில் அபூர்வம். தோளில் சாக்குப்பை, முகத்தில் தாடி, ஊர் பேர் தெரியாத ஆள். குழந்தைகளைப் பாலியல் கொடுமை செய்பவன் என்றாலும் பலர் மனதில் வருவது இதே உருவம்தான். மனோதத்துவமும் ரொம்ப காலம் இவனைத்தான் தேடியது.

ஆஸ்திரியாவில் இருந்த மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங், 1886-ல் 'சைக்கோபதியா செக்சுவாலிஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதன் பிந்தைய பதிப்பு ஒன்றில்தான், குழந்தைகள் மீது ஏற்படும் பாலியல் ஈர்ப்புக்கு 'பீடோபிலியா' என்ற பெயரை வைத்தார். ஆனால் அப்படிப்பட்டவர்கள் அவர் பார்த்தவரை மிகச் சிலரே.

1896 ஏப்ரலில் வியன்னாவில் மருத்துவர்கள் கூட்டம் ஒன்று. சிக்மண்ட் பிராய்டு பேசினார். தன்னிடம் வந்த 18 ஹிஸ்டீரியா நோயாளிகளின் துயரத்துக்கும் காரணம், சிறுவயதில் நேர்ந்த பாலியல் அனுபவமே என்றார். செய்தவர்கள் யார்? பணிப்பெண்கள், ஆசிரியர்கள், நெருங்கிய உறவினர்கள் என்று பட்டியலும் போட்டார்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் கிராஃப்ட்-எபிங்! 'விஞ்ஞான தேவதைக் கதை போல இருக்கிறது' என்று அவர் சொன்னதாக பிராய்டு நண்பருக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டே பிராய்டும் அந்தக் கொள்கையைக் கைவிட்டார். வீட்டுக்குள் திரும்பிய பார்வை மறுபடி வெளியே போய்விட்டது.

1930களின் இறுதியில் அமெரிக்க மாநிலங்கள் பல 'பாலியல் மனநோயாளி' சட்டங்களைக் கொண்டுவந்தன. குற்றவாளியைக் காலவரையின்றி மருத்துவமனையில் அடைத்து வைக்கலாம். அங்கேயும் தேடப்பட்டது ஒரு தனி ரக மிருகத்தைத்தான்.

1950களில் பிராக் நகர மருத்துவர் குர்ட் ஃப்ராயிண்ட், ஆண்களின் பாலியல் ஈர்ப்பை உடல் மாற்றத்தை வைத்தே அளக்க ஒரு கருவி செய்தார். பின்னாளில் கனடாவில் இதே ஆய்வைத் தொடர்ந்தார். இந்த வழியில் நடந்த ஆய்வுகளில் தெரிந்தது என்ன? குழந்தைகளுக்கு எதிராகக் குற்றம் செய்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் பீடோபிலியா இருந்தது. மீதிப் பேர்? வாய்ப்பு, போதை, அதிகாரம், அடக்க விரும்பாத ஆசை... இப்படிப் பல காரணங்கள். அதேபோல், அந்த ஈர்ப்பு உள்ள எல்லோரும் குற்றம் செய்வதில்லை. நோயும் குற்றமும் ஒன்றல்ல.

1984-ல் அமெரிக்க சமூகவியலாளர் டேவிட் ஃபிங்கெல்ஹார் கேள்வியையே மாற்றினார். 'இவன் எப்படிப்பட்டவன்?' என்பதோடு 'இது எப்படி நடக்க முடிந்தது?' என்றும் கேட்டார். குற்றம் நடக்க நான்கு படிகள் வேண்டும் என்றார். ஒன்று, எண்ணம். இரண்டு, தன் மனசாட்சியை மீறுவது. ("குழந்தைக்கும் பிடித்துத்தான் இருந்தது" போன்ற சாக்குகள் இங்கேதான் உதவுகின்றன.) மூன்று, சுற்றியுள்ள பெரியவர்களின் கண்காணிப்பைத் தாண்டுவது. நான்கு, குழந்தையின் எதிர்ப்பை அன்பாலோ பரிசாலோ மிரட்டலாலோ முறிப்பது. இதில் எந்தப் படியிலும் குழந்தை மேல் பழி இல்லை.

கவனித்தால் ஒன்று புரியும். மூன்றாவது, நான்காவது படிகளை எளிதாகத் தாண்டக்கூடியவன் அந்நியன் அல்ல. வீட்டுக்குள் வந்து போகிறவன், நம்பிக்கைக்கு உரியவன்.

இந்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டதில் 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். கொடுமை செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். 2012-ல் போக்சோ சட்டம் வந்தபோது, உறவினர், ஆசிரியர், காவலர் போன்று நம்பிக்கையான இடத்தில் இருப்பவர் செய்யும் குற்றத்துக்குக் கூடுதல் தண்டனை வைக்கப்பட்டது.

1896-ல் ஒரு கூட்டம் 'தேவதைக் கதை' என்று ஒதுக்கியதைச் சட்டம் ஒப்புக்கொள்ள நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. இன்றைக்கும் ஒரு குழந்தை "அந்த மாமா வேண்டாம்" என்று சொல்லும்போது, "சும்மா இரு, அவர் நம்ம ஆளு" என்று பதில் வந்தால், அந்த வீட்டில் 1896 இன்னும் முடியவில்லை என்றுதான் அர்த்தம்.