தோட்டத் திடலும் தொழில்முறைப் பந்தும்

மலேசியாவில் 1994இல் தொழில்முறைக் கால்பந்து வந்தபோது பந்தாட்டம் சம்பளம் தரும் முழுநேர வேலையானது. 2005-06 பருவத்தில் சூப்பர் லீக் பட்டத்தையும், 2009, 2011 ஆண்டுகளில் மலேசியக் கிண்ணத்தையும் நெகிரி செம்பிலான் மாநில அணி வென்றது. இந்த வெற்றிகளின் பொருளாதாரப் பலன், பிள்ளைகள் பந்து பழகி வளர்ந்த தோட்டங்களுக்கு எட்டவில்லை என்பதே என் வாதம். டிக்கெட் வசூலும் விளம்பரப் பணமும் மாநிலத் தலைநகர் சிரம்பானையும் அங்குள்ள பாரோய் அரங்கையும் சுற்றியே புழங்கின. அதே காலத்தில் நீலாய், செண்டாயான் வட்டாரத் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. தொழிலாளர் குடியிருந்த லயங்களோடு, பிள்ளைகள் பந்து பழகிய திடல்களும் போயின.

எஸ். குணாலன் போன்ற வீரர்கள் இம்மாநிலத்துக்கு ஆடி நாட்டுக்காகவும் ஆடினார்களே, அது பலனில்லையா என்று கேட்கலாம். பலன்தான், ஆனால் அது ஒரு வீரரின் குடும்பத்தை உயர்த்தும், ஒரு சமூகத்தை அல்ல. திடல்களை அழித்தது லீக் அல்ல, நில விற்பனைதான் என்பதும் உண்மையே. ஆனாலும் விளைச்சலை எடுப்பவர் வேருக்கு நீரூற்ற வேண்டும். மாநிலக் கால்பந்துச் சங்கமும் மேம்பாட்டு நிறுவனங்களும், தோட்டம் இருந்த ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு பொதுத் திடலை உறுதி செய்யட்டும்.