இடையர் ஊரின் சுவர்கள்

மத்தியதரைக் கடலில் சிசிலிக்கு அடுத்த பெரிய தீவு சார்தீனியா. அதன் நடுவே, கடலோசை எட்டாத பார்பாஜியா மலைநாட்டில், ஏறத்தாழ நாலாயிரம் மக்கள் வாழும் ஒர்கோசோலோ என்னும் சிற்றூர் இருக்கிறது. ஆடு மேய்த்தலே அவ்வூரின் தொன்மைத் தொழில். செம்மறிப் பாலாடைக்கட்டியும், மேய்ச்சலுக்குச் செல்வோர் நெடுநாள் வைத்துண்ணும் மெல்லிய மொறுமொறுப்பான ரொட்டியும் அவர்தம் உணவு.

தங்களுக்கு எளிதில் பணியாத இம்மலைவாசிகளை உரோமையர் 'காட்டுமிராண்டிகள்' என்றனர். அச்சொல்லிலிருந்தே பார்பாஜியா என்ற பெயர் பிறந்தது. நற்செய்தியும் இங்கே தாமதமாகவே மலையேறியது. 594-ஆம் ஆண்டில் திருத்தந்தை பெரிய கிரகோரியார், கிறிஸ்தவராகியிருந்த ஓஸ்பித்தோன் என்னும் தலைவருக்கு, அவர்தம் மக்களையும் கிறிஸ்துவிடம் அழைத்து வருமாறு மடல் வரைந்தார்.

பொதுநிலங்களுக்கு வேலியிட்டுத் தனிச்சொத்தாக்க இசைவளித்த 1820-ஆம் ஆண்டின் அரசாணை, சார்தீனிய இடையரின் வாழ்வை உலுக்கிற்று. தலைமுறைகளாய் மேய்த்த வெளிகளில் கற்சுவர்கள் எழுந்தன. அரசின் நீதியை நம்பாத மலைமக்கள், இரத்தத்திற்கு இரத்தம் என்னும் பழைய நியதியையே பற்றிக்கொண்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒர்கோசோலோவில் குடும்பங்களுக்கிடையே மூண்ட பகை, 1917 வரை பல உயிர்களைக் குடித்தது. 'கொள்ளையர் ஊர்' என்ற பழியும் நிலைத்தது.

அவ்வூரில்தான் 1935 மே 17 அன்று, ரொட்டி சுட விறகு பொறுக்கச் சென்ற பதினைந்து வயது அந்தோனியா மெசினா, தன்னைக் கெடுக்க முயன்றவனை எதிர்த்துப் போராடிக் கல்லால் அடியுண்டு மாண்டாள். 1987-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவளை அருளாளராக உயர்த்தினார்.

1969-இல் ஊரின் மேய்ச்சல் நிலமாகிய பிராத்தொபெல்லோவைப் படைப்பயிற்சித் திடலாக்க அரசு முனைந்தது. அந்த ஜூன் மாதம் ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் அங்கே திரண்டனர். ஆயுதமேந்தாமல் படைவீரர் நடுவே நின்று, தங்கள் நியாயத்தை எடுத்துரைத்தனர். நிலையான பயிற்சித்தளம் அங்கே அமையாமற் போயிற்று. துப்பாக்கிக்குப் பேர்போன ஊர், தன் பெருவெற்றியைத் துப்பாக்கியின்றியே அடைந்தது.

அதே ஆண்டில் அவ்வூரின் முதற் சுவரோவியம் தோன்றிற்று. 1975-இல் பிரான்செஸ்கோ தெல் காசினோ என்னும் ஆசிரியர் மாணவருடன் தீட்டத் தொடங்கியபின் அவை பெருகின. அன்று இடையரின் நிலத்தைப் பறித்தவை சுவர்கள். இன்று அவர்தம் உழைப்பையும் உரிமைக்குரலையும் வழிப்போக்கருக்கு எடுத்துரைப்பவையும் சுவர்களே. பழிவாங்கப் பழகிய கைகள் நீதிக்காக வெறுங்கையாய் நிற்கக் கற்றதை, அவற்றின் முன் நிற்பவர் எண்ணிப் பார்க்கலாம்.