சமூக இயக்கக் கோட்பாடுகளும் 1944 சேலம் மாநாடும்

முன்னுரை

சமூக இயக்கங்கள் குறித்த கோட்பாடுகளுள் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்க அனுபவங்களிலிருந்து உருவானவை. தமிழக இயக்கங்களை ஆராய்வோர் அவற்றை அளவுகோலாகக் கொள்கின்றனர். அந்த அளவுகோலையே சரிபார்க்கத்தக்க சான்றுகளும் தமிழக வரலாற்றில் உண்டு. 1944 ஆகஸ்ட் 27இல் சேலத்தில் கூடிய நீதிக்கட்சி மாநாடு அவற்றுள் ஒன்று.

கோட்பாடுகள் கூறுவன

ஜெர்மானிய சமூக ஜனநாயகக் கட்சியை முதன்மைச் சான்றாகக் கொண்டு 1911இல் ராபர்ட் மிச்செல்ஸ் எழுதிய நூல், எந்த அமைப்பும் நாளடைவில் ஒரு சிறுகுழுவின் பிடிக்குள் சென்று தன் இருப்பைக் காப்பதிலேயே முனையும் என்றது. இயக்கம் நிறுவனமாக இறுகும் என்பது இதன் சாரம். 1966இல் மேயர் சால்டும் ராபர்ட்டா ஆஷும் இது ஒரு வழி மட்டுமே, மாற்று வழிகளும் உண்டு என்று வாதிட்டனர். 1977இல் ஜான் மெக்கார்த்தியும் சால்டும் முன்வைத்த வளத்திரட்டல் கோட்பாடு, மக்களின் மனக்குறை மட்டும் இயக்கத்தை உருவாக்காது. பணம், உழைப்பு, அமைப்பு, செல்வாக்குடையோர் ஆதரவு ஆகியவற்றைத் திரட்டும் திறனே அதன் போக்கைத் தீர்மானிக்கும் என்றது.

சேலத்தில் நிகழ்ந்தது

1916இல் தோன்றிய தென்னிந்திய நல உரிமைச் சங்கம், நீதிக்கட்சி என்னும் பெயரால் அறியப்பட்டது. இரட்டையாட்சிக் காலத்தில் சென்னை மாகாணத்தை ஆண்ட இக்கட்சி, 1937 தேர்தலில் பெருந்தோல்வி அடைந்தது. கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறையிலிருந்த ஈ.வெ.ரா. பெரியார் 1938 டிசம்பரில் அதன் தலைவரானார்.

சேலம் மாநாட்டில் கட்சி 'திராவிடர் கழகம்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. அங்கு நிறைவேறிய 'அண்ணாதுரை தீர்மானம்', ஆங்கிலேய அரசு அளித்த பட்டங்களையும் நியமனப் பதவிகளையும் துறக்குமாறும், பெயரின் பின்னுள்ள சாதிப் பட்டத்தை நீக்குமாறும் உறுப்பினர்களைக் கோரியது. தேர்தலிலிருந்தும் கழகம் விலகியது. இதை ஏற்காத பி.டி. ராஜன் உள்ளிட்டோர் பழைய பெயரிலேயே இயங்கி, 1952 தேர்தலிலும் போட்டியிட்டனர்.

கோட்பாடும் சான்றும்

மிச்செல்ஸ் கூறியதற்கு நேர்மாறாக, இங்கு நிறுவனம் இயக்கமாயிற்று. வளத்திரட்டல் கோட்பாட்டிற்கும் இது சிக்கலை எழுப்புகிறது. கழகம் வளங்களைத் திரட்டவில்லை, துறந்தது. 1937 தோல்விக்குப் பின் அவ்வளங்களின் மதிப்பு முன்பே குன்றிவிட்டது என்று மறுக்கலாம். கட்சியளவில் இது பொருந்தும். ஆனால் தனிமனிதருக்குப் பட்டமும் பதவியும் மதிப்பிழக்கவில்லை என்பதற்கு எதிர்த்து நின்றோரே சான்று.

எனவே வளத்தின் அளவைக் காட்டிலும் அதன் தன்மையே இங்குக் கருதத்தக்கது. பட்டமும் பதவியும் கட்சியை அரசோடும் செல்வரோடும் பிணைத்தன. 1925இல் ஈரோட்டில் தோன்றிய 'குடி அரசு' வளர்த்த சுயமரியாதைத் தொண்டர்கள், 1938 இந்தி எதிர்ப்பில் சிறை சென்றோர், மேடைப் பேச்சு, இதழ்கள் ஆகியவை அதை எளிய மக்களோடு இணைத்தன. முதல்வகை வளத்தைக் கைவிட்டதே இரண்டாம் வகையின் மீதான நம்பிக்கையை உறுதிப்படுத்தியது. துறத்தலும் திரட்டலின் ஒரு வடிவமாகலாம்.

இத்துறவுக்கு விலையும் இருந்தது. தேர்தலை விலக்கிய அமைப்பில் ஆட்சியதிகாரம் பற்றிய கேள்வி தீராமல் நின்றது. 1947 ஆகஸ்ட் 15 குறித்த கருத்து வேறுபாடும், 1949இல் நிகழ்ந்த பெரியாரின் திருமணமும் பிளவை விரைவுபடுத்தின. 1949 செப்டம்பர் 17இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம் 1957இல் தேர்தல் களம் புகுந்து 1967இல் ஆட்சி அமைத்தது. 1944 தீர்மானத்திற்குப் பெயர் தந்த அண்ணாதுரையே அப்போது முதலமைச்சரானார்.

முடிவுரை

நிறுவனம் இயக்கமாகி, அதிலிருந்து பிரிந்த கிளை மீண்டும் ஆட்சி நிறுவனமாகியது ஒரே தலைமுறைக் காலத்தில் நிகழ்ந்தது. ஒரு திசையில் மட்டும் செல்லும் கோட்பாடு இதனை முழுமையாக விளக்காது. சேலம் மாநாட்டை ஒரு கோட்பாட்டின் எடுத்துக்காட்டாக மட்டும் கற்பித்தால் அதன் தனித்தன்மை மறையும்; அக்கோட்பாட்டைத் திருத்தும் சான்றாகக் கொள்வதே ஆய்வுக்குப் பயன் தரும்.