மாவரைக்கும் வீரர்கள்

போன ஞாயிறு மதியம் ஒன்பதாவது படிக்கும் மகன் மொபைலை நீட்டினான். "அப்பா, 399 ரூபா கட்டினா மூட்டை மூட்டையா தங்கக் காசு கிடைக்கும். இல்லன்னா ஒரு வாரம் ஒரே பூதத்தை அடிச்சுக்கிட்டே இருக்கணும். ஓடிபி வந்தா சொல்லுப்பா."

வங்கி அதிகாரியிடமே ஓடிபி கேட்கிறான் பாருங்கள்! மறுத்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயம்தானே? காசு கொடுத்தால் முடிகிற வேலைக்கு எதற்கு அலைய வேண்டும்? அன்று ராத்திரி உட்கார்ந்து தேடியதில் கிட்டத்தட்ட நாற்பது வருட வரலாறு கிடைத்தது.

ஒரே பூதத்தைத் திரும்பத் திரும்ப அடித்துக் காசு சேர்ப்பதற்கு 'கிரைண்டிங்' என்று பெயர். நம் வீட்டு கிரைண்டர் ஞாபகம் வந்தால் தப்பில்லை. அதே சுற்று, அதே சத்தம்.

1986-ல் ஜப்பானில் யூஜி ஹோரி வடிவமைத்த 'டிராகன் குவெஸ்ட்' வெளிவந்தது. உலகைக் காக்கக் கிளம்பும் வீரனுக்கு அரசர் தரும் முதலீடு 120 பொற்காசு. கடையில் மூங்கில் கழி 10, கட்டை 60, செம்பு வாள் 180. வாள் வேண்டுமென்றால் கோட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து குட்டிப் பூதங்களை அடித்துச் சில்லறை சேர்க்க வேண்டும்.

அதே வருடம் வந்த 'லெஜண்ட் ஆஃப் ஜெல்டா' வேறு மாதிரி. அதில் 255-க்கு மேல் பையில் காசு சேராது. அம்பு ஒன்று விட்டால் ஒரு காசு காலி. நல்ல மோதிரம் ஒன்றின் விலை 250. ஆக, சேர்த்து வைத்துக் கும்பிட முடியாது; செலவழி, நட என்கிறது ஆட்டம்.

எனக்குப் பிடித்தது டிராகன் குவெஸ்டின் ஒரு விதி. வீரன் செத்தால் அரசர் முன் மீண்டும் எழுந்து நிற்பான். கையிலிருந்த காசில் பாதி போயிருக்கும். ஆனால் அனுபவப் புள்ளிகள் ஒன்றுகூடக் குறையாது. காசு ஒரு பேரேடு, அனுபவம் இன்னொரு பேரேடு. முதலாவதில் நஷ்டம் எழுதலாம், இரண்டாவதில் முடியாது!

1994-ல் வந்த 'மதர் 2'-வில் ஏடிஎம்மே உண்டு. பையன் ஊர் ஊராகப் போவான். அவனுடைய பணத்தை அப்பா வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு போனில் சொல்வார். கடைசி வரை அவர் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். வெளியூரில் வேலை பார்த்த அப்பாக்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்புறம்தான் குறுக்குவழி வந்தது. 2012-ல் 'டயப்ளோ 3' நிஜப் பணத்துக்கு ஆயுதம் வாங்க, விற்க ஏலச் சந்தை திறந்தது. 2014 மார்ச்சில் அதைத் தயாரித்தவர்களே மூடினார்கள். பூதத்தை அடித்துப் பொருள் தேடுவதுதான் ஆட்டத்தின் உயிர், சந்தை அதைக் கெடுக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இங்கே மகன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அந்தக் காலத்தில் கேசட்டை ஒரு தடவை விற்றால் முடிந்தது. பாதையை வேண்டுமென்றே இழுத்து அவர்களுக்கு லாபம் இல்லை. இன்றைக்குப் பல மொபைல் ஆட்டங்களில் ரோடு போடுபவரே குறுக்குவழிக்குச் சுங்கமும் வசூலிக்கிறார். ரோடு எப்படிச் சுருங்கும்?

2003-ல் எனக்கு முதல் போஸ்டிங், பீகாரில் ஒரு சின்னக் கிளை. முதல் சம்பளத்தில் பாதி பர்ஸோடு ரயிலில் போனது. கவுண்டரில் இந்தி தெரியாமல் விழித்தேன். ஒரு டீக்கடைக்காரர்தான் தினம் நாலு வார்த்தை சொல்லிக் கொடுத்தார். போன பணம் எவ்வளவு என்று இன்று சட்டென்று ஞாபகம் வரவில்லை. அந்த இந்தி இந்தப் புனேயிலும் கைகொடுக்கிறது.

இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, பயணம்தான் முக்கியம்னா இந்த வாரம் நீயே அடிச்சுக் குடு" என்று மொபைலை என் கையில் திணித்தான்.

அடித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் எப்படி?